கம்பளியில் பிடித்த வரி

மடுல்சீமைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் சிவசுப்பிரமணியம் மகா கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் எப்போதும் சந்தேகம் உண்டு. அவருக்குக் கீழே சின்னக் கிளாக்கராக இருந்தவன் நான். பக்கத்து மேசையிலிருந்து பார்த்தால் எந்தக் கெட்டிக்காரனும் கொஞ்சம் குறைந்துதான் தெரிவான்.

சம்பளத்தோடு யாழ்ப்பாணத்து வீட்டு வாடகையும் வந்ததால், துரைக்கு அடுத்தபடி எங்கள் தோட்டத்தில் வருமான வரி கட்டியவர் அவர் ஒருவர்தான். வரி வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வரும். அவர் கையிலோ காசு தங்காது. யார் வந்து தலையைச் சொறிந்தாலும் எடுத்து நீட்டிவிடுவார். ஐம்பத்துநாலில் வரி கேட்டுக் கடிதம் வந்தபோது வீட்டில் சல்லிக்காசு இல்லை. மனைவி சத்தியபாமாவின் தையல் மெசினைப் பதுளையில் ஈடு வைத்துத்தான் கட்டினார். அந்த அம்மா ஊசியும் நூலுமாகக் கையால் சட்டை தைத்துச் சம்பாதித்து அதை மீட்டார்.

“இன்னொருக்கா என்ர மெசின் படி இறங்கினால், நானும் பின்னால இறங்கி ஊருக்கு ரயில் ஏறிவிடுவன்” என்று அவர் சொன்னது நாங்கள் வேலை செய்த கந்தோர் வரை கேட்டது. விளையாட்டுக்குச் சொல்கிறவர் அல்ல அவர்.

பெரிய கிளாக்கர் பயந்துபோனார். மாதாமாதம் தன் சம்பளத்தில் ஒரு பங்கைக் கந்தோரே பிடித்து வைத்துக்கொள்ளட்டும், வரி வரும்போது எடுத்துக் கட்டலாம் என்று துரையிடம் கேட்டார். துரையும் சம்மதித்தார். ஆனால் சம்பளத்தில் கை வைக்க ஒரு பேர் வேண்டுமே. அரிசி, டோபி, கோயில், கம்பளி, இவ்வளவுதான் எங்களிடம் இருந்த பிடித்தங்கள். தொழிலாளிக்குக் குளிருக்குக் கம்பளி கொடுத்துவிட்டு, விலையைச் சம்பளத்தில் கழிப்பது தோட்டத்து வழக்கம்.

“கம்பளியில போட்டுவிடும், தேவதாசன்” என்றார் என்னிடம். போட்டேன்.

சம்பள நாள் சாயங்காலமே அவர் வீட்டு வாசலில் கம்பளிகள் வந்து இறங்கின. சாமான் அறைச் சிங்கராயர் கைகட்டி நின்றார்.

“கம்பளின்னு காசு பிடிச்சா கம்பளி கொடுத்தே ஆகணுங்க. நீங்க போட்ட சட்டந்தானுங்க ஐயா.”

உண்மைதான். பெரிய கிளாக்கருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. “ஒழுங்கு எண்டால் ஒழுங்குதான். வரி வாற நேரம் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துக் காசை எடுப்பம்” என்றார்.

ஆடியில் யாழ்ப்பாணத்து வாடகை கூடியது. வரியும் கூடும் என்று கணக்குப் போட்டு, பிடித்தத்தைக் கூட்டச் சொன்னார். கம்பளியும் கூடியது. கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே, கடைசியில் சாமி அறையிலும் அடுக்கினார்கள். முருகன் கழுத்துவரை கம்பளிக்குள் நின்றார். பெரிய கிளாக்கருக்கு ஏதோ குளிர்காய்ச்சல் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேச்சுக் கிளம்பி, கொழுந்து பறிக்கிற லெட்சுமி மல்லித்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கார்த்திகையில் வரிக் கடிதம் வந்தது. கம்பளிகளைச் சாமான் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சிங்கராயர் கதவை மறித்துக் கும்பிட்டார்.

“கொடுத்த கம்பளியத் திரும்ப எடுக்கக் கூடாதுன்னும் நீங்கதானுங்க சட்டம் போட்டீங்க.”

தொழிலாளர்கள் மழைக்காலம் முழுதும் போர்த்திவிட்டு ஈரத்தோடு திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று போட்ட சட்டம் அது. துரையிடம் ஓடினோம். நல்ல சட்டம் என்று பாராட்டிவிட்டு அவர் டென்னிஸ் விளையாடப் போய்விட்டார்.

தனியாக வீட்டுக்குள் போகப் பயந்து பெரிய கிளாக்கர் என்னையும் கூட்டிப்போனார். சத்தியபாமா கடிதத்தைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார். பெட்டி கட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

“தம்பி, கையை நீட்டும்” என்று எனக்கு அளவெடுத்தார்.

மறுநாள் காலை தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்துக்கு நான் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். வேலை பிரித்துக்கொண்டிருந்த கங்காணிமாருக்குப் பொறுக்கவில்லை. கோட்டுத்தான் கங்காணிக்குக் கௌரவம். ஒரு சின்னக் கிளாக்கர் தங்களை மிஞ்சுவதா? மத்தியானமே அந்த அம்மாவின் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். பிறகு பதுளை பஸ் டிரைவர்கள் வந்தார்கள். சாமி அறை காலியாகி முருகனும் வெளியே வந்தார்.

தவணைக்கு முன்பே கோட்டு விற்ற காசோடு மூவரும் பதுளைக்குப் போய் வரியைக் கட்டினோம். வரி அதிகாரி இரகுநாதன் யாழ்ப்பாணத்தார். அவர் உடம்பிலும் எங்கள் கம்பளிதான்.

“இந்தக் கோட்டு உங்கட வீட்டில தைச்சதாமே? நல்ல சூடு” என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார். “எத்தினை வித்தது? அடுத்த வருஷம் இதுவும் உங்கட வருமானத்தில சேரும், மிஸ்டர் சிவசுப்பிரமணியம்.”

“அவற்ர வருமானமோ?” என்று கேட்டார் சத்தியபாமா.

“பெண்சாதியின்ர வருமானம் புருஷன்ர கணக்கிலதான் சேரும், அம்மா. சட்டம் அப்பிடி.”

“மெசின் என்ர. இடுப்பு நொந்தது எனக்கு. இராவிராவாத் தைச்சது நான். வரியை என்ர பேரில போடுங்கோ ஐயா, நான் கட்டுறன்.” குரல் உடைந்து அழுதேவிட்டார். வரியைக் குறைக்கச் சொல்லி அங்கே வந்திருந்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

பெரிய கிளாக்கர் எழுந்து நின்றார். “பாமா உழைச்சதுதான் ஐயா. என்ர பேரை வெட்டிவிடுங்கோ.” அந்த மனுஷன் மேல் எனக்கு முதல்தடவையாக மரியாதை வந்தது.

“வெட்ட எனக்கு அதிகாரமில்லை” என்றார் அதிகாரி.

சத்தியபாமா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வருமானம் இவற்ர எண்டால் இனி இவரே தைக்கட்டும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, பெரிய கிளாக்கர் மெசினில் குனிந்து ஒரு கங்காணியின் கோட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். வியர்த்துக் கொட்டியது. சத்தியபாமா நாற்காலியில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“கோணுது” என்றார். “பிரிச்சுத் தையுங்கோ.”