அரவை அறை

பொழுது புலருமுன்பே கொட்டகையில் சம்மட்டிகள் விழத் தொடங்கிவிடும். மரத்திலிருந்து வடிந்து கல்லாய் இறுகிய பிசின் கட்டிகளை உடைத்து, ஒட்டியிருக்கும் பட்டையையும் மண்ணையும் கத்தி முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். சின்னவளுக்கு அந்த வேலை. உள்ளே அரவை அறையில் அவளுடைய ஓரகத்தி, பெரியவள், நின்றாள். எந்திரம் கக்கும் மாவைச் சலித்து மூட்டை பிடிப்பது அவள் பாடு. மருந்துக் கம்பெனிக்குப் போகிற மாவு. மாத்திரையில் சேர்த்தால் வயிற்று ஈரத்தில் ஊறி உப்பி, மருந்தை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுமாம்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் வாழ்ந்த இருவருக்கும் ஏழாம் பொருத்தம். தண்ணீர்க் குடத்தில் மூண்ட சண்டை, நடுவீட்டில் தட்டி வைத்து மறைத்ததில் போய் நின்றது. ஆனாலும் அந்தப் பக்கம் பெரியவள் இருமினால் இந்தப் பக்கம் சின்னவளுக்குத் தூக்கம் போய்விடும். வறட்டு இருமல் நாளடைவில் இழுப்பாக மாறியது. ஒருநாள் மனசு கேட்காமல் தட்டிக்கு மேலாக வெந்நீரை நீட்டினாள்.

பெரியவள் வாங்கிக் குடித்துவிட்டு, "வெந்நீர் வைக்கக்கூடத் தெரியலை உனக்கு" என்றாள். அப்படித்தான் பேச்சு திரும்பவும் ஒட்டிக்கொண்டது.

அரவை அறைத் தூசியில் இனி நிற்கவே கூடாது என்று சொல்லி, மெல்லக் கரையும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார் டாக்டர். அதைப் புரட்டிப் பார்த்த பெரியவள், "நாம சலிச்சதுதான் இதுக்குள்ள இருக்கும்டி" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

தூசியை உறிஞ்ச ஒரு காற்றாடி வேண்டுமென்று பெண்கள் சேர்ந்து கேட்டார்கள். நயமான மாவெல்லாம் பறந்துவிடும் என்று முதலாளி கையை விரித்தார். பெரியவள் வேறு வேலை கேட்டதற்கு, முடியாவிட்டால் வீட்டில் இரு என்றார். அவள் வீட்டில் இருந்தால் அடுப்பும் சும்மா இருக்கும்.

மழை தொடங்கியதும், மாவு ஈரம் கோக்குமென்று அரவை அறையின் சன்னல்களையும் சாத்தினார்கள். அன்று மதியம் சல்லடைச் சத்தம் நின்றது. சின்னவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பெரியவள் மாவுக்குள் சுருண்டு கிடந்தாள். மடியில் கிடத்தி வாயைத் துடைத்தாள், விரலெல்லாம் பசை. ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன் மூச்சு அடங்கிவிட்டது.

அடக்கம் முடிந்து வேலைக்கு வந்தவளை முதலாளி அரவை அறைக்குப் போகச் சொன்னார்.

"முதல்ல காத்தாடி மாட்டுங்க."

"அவளுக்கு ஏற்கெனவே சீக்கும்மா. இது மரத்துல வர்ற பொருள். ஊரே மாத்திரையில முழுங்குது, யாரு செத்தா?"

"முழுங்குறது வேற முதலாளி. நாங்க மூச்சுல இழுக்குறோம்."

"இஷ்டமில்லைன்னா போ. வெளியில எத்தனையோ பேர் வேலை கேட்டு நிக்கிறாங்க."

கொட்டகையில் ஒரு சம்மட்டி ஓய்ந்தது. பிறகு இன்னொன்று. முதலாளிக்குச் சொந்தக்காரர், எதிர்த்து ஒரு சொல் பேசியறியாத மிஷின்காரர், எழுந்துபோய் எந்திரத்தை நிறுத்தினார். "நானும் அந்த அறையிலதான் நிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் வெளியேறி வாசலில் உட்கார்ந்தார்கள். உள்ளிருந்து கதவு சாத்தப்பட்டது. நாளைக்கு வேலை உண்டா என்று யாருக்கும் தெரியாது. தூறலில் நனைந்தபடி வேலை கேட்டு ஒருத்தி வந்தாள். நடந்ததைச் சொன்னார்கள். சாத்திய கதவையே சற்று நேரம் பார்த்து நின்றவள், சின்னவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போனது உனக்கு யாரும்மா?" என்று கேட்டாள்.

"எங்க அக்கா" என்றாள் சின்னவள். அத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. வந்தவள் முந்தானையை விரித்து, இருவர் தலையும் நனையாமல் மூடிக்கொண்டாள்.