அருவிக்கு மேலே ஒரு மீன்

"அம்மா, அது அப்பாவோட பூட்ஸ். உனக்குத் தொளதொளன்னு கிடக்கும்," என்றாள் பிரிட்டா.

"கிடந்துட்டுப் போகட்டும்." மார்புவரை ஏறிய ரப்பர் பூட்ஸின் வாரை ஆர்டிஸ் இழுத்து இறுக்கினாள். அப்பாவின் சாம்பல் இருந்த பெட்டி மகளின் கையில் இருந்தது. ஓரிகனின் நவம்பர் மழை விட்டு விட்டுத் தூறியது.

எந்த ஓடையில் மீன் வாழும் என்று மதிப்பிடுவதுதான் ஆர்டிஸுக்கும் அவள் கணவன் ராய்ஸுக்கும் வேலை. அவள் வரைபடத்தில் சரிவையும் நீரோட்டத்தையும் வைத்துக் கணக்குப் போடுவாள். அவன் தண்ணீரில் இறங்கி நடப்பான். கல்யாணமான நாளிலிருந்து எந்த முறை சரி என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போனதில்லை. இந்த ஓடையில் முட்டையிடக் கடலிலிருந்து வரும் சால்மன் மீன் அருவியைத் தாண்டி ஏறாது என்றது அவள் கணக்கு. ராய்ஸும் ஒவ்வொரு குளிர்காலமும் தேடிவிட்டு வெறுங்கையோடுதான் திரும்பினான். இந்த ஓடைப் படுகையை எந்த முறையில் மதிப்பிடுவது என்று அடுத்த வாரம் அவள்தான் முடிவு சொல்ல வேண்டும். வரைபடமே போதும் என்றால் மேல் ஓடை மீனில்லாதது என்று விட்டுப்போகும், பாதுகாப்பு இல்லாமல் கரை மரங்கள் வெட்டுக்குப் போகும்.

கடைசி நாள் காலையில் அவன், "என்னை அருவிக்கு மேல கொண்டுபோய்த் தூவு," என்றான்.

"அங்கதான் ஒரு மீன்கூட இல்லையே, ராய்ஸ்."

"இல்லாட்டி என்ன? அப்படியாவது நீ ஒரு தடவை நடப்பேல்ல."

சிரித்தான், இருமினான். மாலையில் உயிர் போகும்வரை அவன் கையை அவள் விடவில்லை.

தாயும் மகளும் மூச்சு வாங்க அருவிக்கு மேலே ஏறினார்கள். சாம்பலைத் தூவும்போது பிரிட்டா அழுதாள். ஆர்டிஸுக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை தூரம் நடக்க வைத்துவிட்டு ஆள் இல்லாமல் போய்விட்டானே.

சாம்பல் மிதந்துபோய், விழுந்து கிடந்த மரத்தடியில் தேங்கியது. அங்கே ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. அவள் தண்ணீரில் இறங்கினாள். முட்டையிட்டு முடித்துச் செத்த பெண் சால்மன். பக்கத்திலேயே முட்டையிட அது வாலால் பறித்த குழி, கழுவிவிட்டது போன்ற கூழாங்கற்கள்.

"என்னம்மா அது?"

ஆர்டிஸ் குனிந்து அதன் வாலைப் பார்த்தாள். எண்ணிய மீனையே மறுபடி எண்ணிவிடக் கூடாதென்று அதன் வாலை வெட்டிப் போடுவது ஓடையில் நடந்து மீன் எண்ணுபவர்களின் வழக்கம். இந்த வால் பறித்துப் பறித்துத் தேய்ந்திருந்தது, ஆனால் யாரும் வெட்டியிருக்கவில்லை.

பூட்ஸின் மார்புப் பையில் துழாவினாள். அவன் கத்தி அங்கேதான் இருந்தது. வாலை வெட்டிவிட்டு, மீனைச் சாம்பல் தேங்கிய இடத்திலேயே மெல்ல விட்டாள்.

"ஒண்ணு," என்று உரக்கச் சொன்னாள், கரையில் ஒருவன் எழுதிக்கொள்ளக் காத்திருப்பதைப் போல.