ஐந்தரை மணிச் சுவிட்ச்

சுவிட்சை விரலால் போட்டுப் பார்த்துவிட்டு நல்லது கெட்டது சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. முழங்கையால் போட்டுப் பார்க்க வேண்டும். நெற்றியால் போட்டுப் பார்க்க வேண்டும். நாற்பது வருடம் வயர்மேனாக இருந்திருக்கிறேன்; அப்படிப் பார்க்க வாய்ப்புக் கொடுத்தது ஒரே ஒரு வீடுதான்.

அந்த வீட்டில் மூன்று பேர். முதலாவது பட்டறைக்காரர். பகலெல்லாம் இரும்பை அடித்துவிட்டு, கையின் சூடு ஆறுவதற்குள் வீடு வந்து சேர்பவர். இரண்டாவது அவருடைய மச்சான், பஸ் டிரைவர். அக்கா காலமாகி ஆறு வருடமாகியும் அக்கா வீட்டைவிட்டு நகராதவர். ஓட்டை பஸ்ஸின் கியரை இழுத்து இழுத்து அவருடைய இடது கை மட்டும் இரண்டு ஆளுக்குக் காணும் அளவு பருத்திருந்தது. மூன்றாவது பட்டறைக்காரரின் மகள். மருந்துக்கடையில் வேலை. கடை முடிந்து வரும்போது கையில் பஞ்சும் டிஞ்சரும் இல்லாமல் வந்து நான் பார்த்ததில்லை.

கூடத்தில் ஒரு விளக்கு, அதற்கு ஒரு சுவிட்ச். சரியாக மாலை ஐந்தரைக்கு டிரைவர் பேப்பரை விரித்து விளக்கைப் போடுவார். சூரியன் இருக்கும்போது விளக்கு எரிந்தால் பட்டறைக்காரருக்கு யாரோ தன்னைப் பார்த்துப் பல்லிளிப்பது போல் இருக்கும். அணைப்பார்.

"அத்தான், எழுத்து தெரியல."

"தெரிஞ்சு என்ன கிழிக்கப் போற. அது நேத்துப் பேப்பர்."

"நேத்தும் நீங்க படிக்க விடலையே."

பேச்சு அவ்வளவுதான். அதற்குமேல் கைதான் பேசும். டிரைவர் போடுவார், பட்டறைக்காரர் அறைந்து அணைப்பார், டிரைவர் குத்திப் போடுவார், மூன்றாவது தடவை சுவிட்சுக்கும் கைக்கும் நடுவில் யாருடைய மூக்காவது வந்துவிடும். எதிர்க்கடை முடிதிருத்துபவர் முதல் அலறலை வைத்துத்தான் கடிகாரத்தைத் திருத்துவார். ஒருமுறை பட்டறைக்காரர் மச்சானின் தலையைப் பிடித்துச் சுவரில் மோதியதில், இருபது வருடமாக இறங்க மறுத்த ஆணி ஒன்று அந்தப் பக்கமாக இறங்கி அடுத்த வீட்டில் தலைகாட்டியது. அவர்கள் அதில் குடை மாட்டிக்கொண்டார்கள்.

ஆனால் அந்தச் சண்டைக்கு ஒரு முடிவு உண்டு. சுவிட்ச் உடைந்துவிடும். உடைந்ததும் இரண்டு பேரும் கையைத் தொங்கப்போட்டு, அடுப்பில் பாலைப் பொங்கவிட்டவர்கள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு ஒரே குரலில் சொல்வார்கள்: "வயர்மேனைக் கூப்பிடு."

அந்த வயர்மேன் நான். முதல் வருடத்திலேயே அறுபது தடவை போயிருப்பேன். போகும்போதெல்லாம் மகள் ஒன்றையே சொல்வாள்.

"இருக்கறதுலயே மட்டமானதாப் போடுங்க."

மட்டமானது என்றால் கடை வாசலில் கூடையில் குவித்து வைத்திருப்பார்களே, அது. மேல்மூடி ஒரு வெள்ளை, அடிப்பாகம் வேறு வெள்ளை, பொத்தான் மூன்றாவது வெள்ளை. திருகாணி ஓட்டை திருகாணிக்கு நேராக வராது. போட்டால் 'டக்' என்று வராது. 'சப்' என்று, பல்லில்லாதவன் சாப்பிடுவது போல ஒரு சத்தம். தொழிலில் மானமுள்ளவன் அதைத் தொடமாட்டான். அவள் சொல்வதால் தொட்டேன். கண்ணாடிச் சில்லு கிழித்த என் விரலுக்கு ஒருநாள் அவள் டிஞ்சர் போட்டாள். அது எரிந்த எரிச்சலில், கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

நேரே போய்ப் பெண் கேட்டேன். இரண்டு பேரும் அப்போதுதான் அடித்து முடித்திருந்தார்கள். பட்டறைக்காரர் ஒரு கண்ணால் பார்த்தார்; மற்றது திறக்கவில்லை.

"ஒரு சுவிட்ச நிலையா நிக்க வைக்கத் தெரியல. நீ குடும்பத்த எங்கடா நிக்க வைப்ப?"

"நல்லாக் கேட்டீங்க அத்தான்," என்றார் டிரைவர், பல்லைத் தேடிக்கொண்டே.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். நான் மாட்டும் சுவிட்ச் ஒரு வாரம், ஐந்தரையிலிருந்து ஐந்தரை வரை, உடையாமல் நின்றால் பெண் எனக்கு. வாசலில் அவள் என்னை நிறுத்தினாள்.

"எனக்குச் சம்மதம்தான். ஆனா தயவுபண்ணி நல்ல சுவிட்சா மட்டும் போட்டுடாதீங்க."

பயத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் கறுப்பு பேக்லைட் குமிழ் சுவிட்சை மாட்டினேன். உருண்டையாக, நடுவில் சின்னக் குமிழோடு, பார்க்க அடக்கமான சாதனம். போட்டால் 'டக்' என்று அடுத்த தெருவுக்குக் கேட்கும். பட்டறைக்காரரின் ஒரே அறையில் பிஸ்கட் போல இரண்டானது. ஒரு பாதி டிரைவரின் காதுக்குள் போய் இரண்டு நாள் இருந்தது.

அடுத்து வெள்ளைப் பீங்கான். அழகில் அதற்கு ஈடு கிடையாது. கோடையிலும் தொட்டால் குளிரும். உடைந்தால்தான் அதன் சுபாவம் தெரியும். டிரைவரின் முழங்கையிலிருந்து பதினேழு சில்லுகளை அவள் சாமணத்தால் எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டாள்.

பித்தளை மூடி போட்டது உடையாது, நசுங்கும். அதில் டிரைவரின் நெற்றி புருவத்தோடு பதிந்துவிட்டது. அச்சு அசல். உள்ளே கம்பி அறுந்ததால் அதுவும் தோல்வி.

பட்டையாக, அகலமாக இருக்கும் பியானோ சுவிட்ச் விரல் நுனிக்கே அசைந்துகொடுக்கும். இவர்கள் குதிகாலை வைத்தார்கள். உள்ளிருந்த ஸ்பிரிங் தெறித்து, பட்டறைக்காரரின் ஒரு மூக்குத் துவாரத்தில் ஏறி இன்னொன்றில் எட்டிப் பார்த்தது.

சுவரில் இருந்தால்தானே அடி படும் என்று கூரையிலிருந்து கயிறு தொங்கும் சுவிட்சை மாட்டினேன். யோசனை நல்லதுதான். ஐந்து முப்பத்திரண்டுக்கு அந்தக் கயிறு டிரைவரின் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. அவர் நாக்கு வெளியே வந்த நேரத்தில் கூரைக் காரை பெயர்ந்து இரண்டு பேர் தலையிலும் விழுந்ததால் பிழைத்தார்.

தொட்டால் எரியும் கண்ணாடி சுவிட்ச்தான் அதிகம் தாக்குப்பிடித்தது, மூன்று நாள். எங்கே அடிப்பது என்று தெரியாததே காரணம். யாருடைய முகம் பட்டாலும் விளக்கு எரியும், அடுத்த முகம் பட்டால் அணையும். தெருவில் போகிறவர்கள் மழை வரப்போகிறது, மின்னுகிறது என்று துணியை எடுத்தார்கள். நாலாம் நாள் ரத்தம் வழிந்து அதற்கே பார்வை மங்கி, தானாக வெடித்தது.

"இன்னும் ஒண்ணு பாரு," என்றார் பட்டறைக்காரர். "அதுவும் போச்சுன்னா பொண்ணுக்கு வேற எடம் பாக்கறேன். வீட்டுக்கு வேற வயர்மேனும் பாக்கறேன்."

ஊரெல்லாம் அலைந்து, மூடிப்போன ஒரு சுரங்கத்தின் பழைய சாமான் கிடங்கில் அதைக் கண்டுபிடித்தேன். பாறை சரிந்தாலும் உள்ளே எழும் தீப்பொறி வெளியே வராதபடி செய்த வார்ப்பிரும்புச் சுவிட்ச். எடை பதினொரு கிலோ. பொத்தானுக்குப் பதில் கட்டைவிரல் பருமனில் ஒரு பிடி. போட்டால் 'கடக்' என்று நெஞ்சுக்குள் கேட்கும். எட்டங்குல போல்ட் நாலைச் சுவருக்குள் விட்டு, மறுபுறம் தகடு வைத்து இறுக்கினேன். எர்த்தும் ஒழுங்காகக் கொடுத்தேன். அடிதடிக்கு நான் பொறுப்பில்லை, ஷாக்குக்குப் பொறுப்பு.

மகள் அதைத் தட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"இது உடையவே உடையாதா?"

"யானை மிதிச்சாலும் உடையாது."

அவள் போய்க் கடையிலிருந்து இன்னும் இரண்டு கட்டுப் பஞ்சு வாங்கிவந்தாள்.

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு ஆரம்பித்தார்கள். ஆறு மணிக்கு இரண்டு பேரும் வழக்கம்போல ஓரக்கண்ணால் சுவிட்சைப் பார்த்தார்கள். நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் தொடர்ந்தார்கள். ஏழு மணிக்குப் பார்த்தார்கள். நின்றது. எட்டு மணிக்குச் சோறு தின்றுவிட்டுப் படுத்தார்கள். மறுநாள் அவர் பட்டறைக்குப் போனார், இவர் பஸ்ஸுக்குப் போனார். மாலையில் வந்ததும் டிரைவரின் கழுத்தை எந்தக் கக்கத்தில் விட்டார்களோ அதே கக்கத்திலிருந்து தொடங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை பெஞ்சு போனது. புதன்கிழமை அலமாரி, அதற்குள் டிரைவர் இருந்தார். வியாழக்கிழமை கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவர் போய், வீடு காற்றோட்டமானது. வெள்ளிக்கிழமை பட்டறைக்காரர் கதவைக் கீலோடு பிடுங்கி வீசினார். டிரைவர் சன்னல் கம்பியை உருவி அதைத் தடுத்தார். ஒருவருக்கு மூன்று விலா எலும்பு, இன்னொருவருக்குப் பாதிக் காது. மருந்துக்கடையில் பஞ்சு தீர்ந்து, மகள் மெத்தையைக் கிழித்தாள். எதிர்க்கடைக்காரரோ எது தொடக்கம் எது தொடர்ச்சி என்று புரியாமல் புதுக் கடிகாரம் வாங்கிவிட்டார். சுவிட்ச் மட்டும் அப்படியே நின்றது. நான் தினமும் வந்து துணியால் ரத்தத்தைத் துடைத்து, அதன் பளபளப்பைப் பார்த்துவிட்டுப் போவேன். தொழில்காரனுக்கு அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் அமையாது.

மறு ஞாயிறு இரண்டு பேருக்கும் விடுமுறை. காலையிலேயே தொடங்கிவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு நான் போனபோது கூரையில் பாதி கீழே கிடந்தது. டிரைவர் மல்லாந்து கிடந்தார். அவர் நெஞ்சில் முட்டியை ஊன்றி உட்கார்ந்திருந்தார் பட்டறைக்காரர். அவர் கையில் பட்டறைச் சுத்தியல் இருந்தது. அது வீட்டுக்குள் வந்தது அன்றுதான் முதல் தடவை.

மகள் என் சட்டையைப் பிடித்தாள்.

"அத உடைங்க."

"இன்னும் அரைமணிதான் இருக்கு."

"அரைமணில எங்க மாமன் செத்துருவாரு. எங்கப்பா ஜெயிலுக்குப் போவாரு. எதுக்கு மட்டமானதாப் போடச் சொன்னேன்னு இன்னுமா புரியல? அவங்களுக்கு அடிக்கத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது. அது உடைஞ்சாத்தான் நிறுத்துவாங்க."

"உடைச்சா நீ எனக்குக் கிடைக்கமாட்டியே."

"உடைங்க," என்றாள்.

ஃபியூஸை ஏன் மெல்லிய கம்பியில் போடுகிறோம் என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னவன் நான். என் பையில் இருந்த பெரிய சுத்தியலை எடுத்தேன். அவளைப் பார்த்தேன், அந்தச் சுவிட்சைப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு முழு பலத்தோடு ஓங்கி அடித்தேன்.

உடையவில்லை. சுத்தியலின் பிடிதான் முறிந்தது. அதன் தலை திரும்பி வந்து என் முன்பல் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசல்பக்கம் போனது.

சத்தம் கேட்டு இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"டேய், என் வீட்டுச் சுவிட்ச எதுக்குடா அடிக்கிற?" என்றார் பட்டறைக்காரர்.

"அது உனக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றார் தரையில் கிடந்த டிரைவர். "பாருங்க அத்தான், வாயில்லாத பொருள்."

பட்டறைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, மச்சானுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். டிரைவர் அவர் தோளில் கை போட்டு எழுந்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள்.

ஒருவர் பிடிக்க ஒருவர் அடித்தார். களைத்தால் மாற்றிக்கொண்டார்கள். "நீங்க இருங்க அத்தான், உங்களுக்கு விலா சரியில்ல." "இல்ல மச்சான், நீ காதப் பாத்துக்கோ." இவ்வளவு மரியாதையாக அந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. என் தோள்பட்டை இறங்கியது, தாடை ஏறியது. இடது கண் மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்த்தது சுவரில் இருந்த சுவிட்சைத்தான்.

"மணி அஞ்சரைங்க," என்று எதிர்க்கடைக்காரர் சன்னல் இருந்த ஓட்டை வழியாகச் சொன்னார். புதுக் கடிகாரம், பிசகாது.

பட்டறைக்காரர் ஓங்கிய கையை நிறுத்தினார். சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் விரலால் தடவிப் பார்த்தார்.

"நிக்குது."

"நிக்குது அத்தான்," என்றார் டிரைவர், என் கழுத்தை விடாமல்.

"வார்த்தைன்னா வார்த்தை. கழுத்த விடு மச்சான். மாப்பிள்ளையத் தூக்கி உக்கார வை."

அன்றே மகள் எனக்கு டிஞ்சர் போட்டுவிட்டு, என் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, நாலு போல்ட்டையும் கழற்றினாள். ஒரு மணி நேரம் ஆனது. அந்த இடத்தில் மூன்று வெள்ளை கலந்த அந்தக் கூடைச் சுவிட்ச் ஒன்றை மாட்டினாள். மறுநாள் ஐந்தரைக்கு அது 'சப்' என்று சொல்லி இரண்டானது. இரண்டு பேரும் கையைத் தொங்கப்போட்டார்கள்.

"வயர்மேனைக் கூப்பிடு," என்றார்கள்.

"அவர் இங்கதான் இருக்காரு," என்றாள் அவள். "வாயத் தொறக்க முடியல, கை நல்லாத்தான் இருக்கு."

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. வீடு முழுக்கக் கூடைச் சுவிட்ச்தான்; ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறாள், கோபம் வந்தால் உடைக்க ஆளுக்கொன்று. அந்த வார்ப்பிரும்பு மட்டும் படுக்கையறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கீழே முட்டுக் கொடுத்திருக்கிறது. போகும்போதும் வரும்போதும் காலில் இடிக்கும். என் பெருவிரல் இதுவரை மூன்று தடவை முறிந்திருக்கிறது. அந்தச் சுவிட்சில் ஒரு கீறல் இல்லை.