மருதாணிக் கிளையில் கட்டிய நாடா

பக்கத்து வீட்டு ஹிதாயத்துல்லா எடுக்கும் பறவைப் படங்களில் எல்லாம் இருக்கும், பறவை மட்டும் இருக்காது. அது அப்போதுதான் விட்டுப் போன கிளை ஆடிக்கொண்டிருக்கும். தாம்பரம் ஸ்டேஷன் எதிரே ஸ்டுடியோ வைத்திருப்பவர், "பாய், இதுல கொக்கு எங்கன்னு நீங்களே காட்டிடுங்க" என்பாராம். அவன் மனைவி ஜஹீரா சொன்னது. ஜஹீரா என்னிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி.

ஒருமுறை நாரை ஒன்றை வெகு தெளிவாக எடுத்துவந்தான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஓரத்தில் கம்பிவலை.

"இன்னா தம்பி, வண்டலூர் ஜூவா?"

அதோடு ஒரு வாரம் எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை.

பிறகு பட்டணத்தில் ஏதோ போட்டோ கிளப்பில் சேர்ந்தான். அங்கே ஒரு பெரியவர் இவன் படத்தைத் தள்ளிவிட்டு, "கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழாவிட்டால் அது பறவை இல்லை, பொம்மை" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஜஹீரா கண் நிறைய மை இட்டுக்கொண்டு நின்றாலும் அவள் கண்ணைப் பார்க்க நேரமில்லை. காக்கா கண்ணில் பொட்டுத் தேடிக்கொண்டிருந்தான்.

தொண்ணூற்றொன்று மே மாதம், எங்கள் கொல்லையில் மருதாணிச் செடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருந்தது. கண்டுபிடித்தது நான். உடனே அவனிடம் ஓடிச் சொன்னதும் நான்தான்.

கூட்டின் மேல் ஒரு கிளை கவிழ்ந்து நிழலாக்கியது. "வெட்டிப் போடு தம்பி" என்றேன்.

"ஐயோ, வேணாங்கா. அந்த நிழல்லதான் குஞ்சு உயிரோட கீது. இழுத்துக் கட்டி, படம் எடுத்ததும் அவுத்துடணும். கால் மணி நேரந்தான். அதுக்கு மேல போனா வெயில் கொன்னுடும்."

கட்டுவதற்குக் கயிறு தேடினான். என் பழைய பாவாடை நாடாவை உருவிக் கொடுத்தேன். கொடியில் ஓட்டைப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்தான். மூன்று நாள் காலையில் கட்டினான், எடுத்தான், அவிழ்த்தான். குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது. "இன்னும் ரெண்டு நாள்ல பறந்துடும்" என்று பரபரத்தான்.

நாலாம் நாள் ஒன்பது மணி ஆகப்போகிறது. தாய்க்குருவி ஒரு வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு கூட்டின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. வெளிச்சம் நேராக அதன் முகத்தில். போர்வைக்குப் பின்னால் கிளிக், கிளிக். எழுந்து வந்தவனுக்கு வியர்த்திருந்தது. பாரிமுனையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, ரயிலுக்கு ஓட வேண்டும்.

"அக்கா, தாய் இன்னும் உக்காந்துகினு கீது. கிட்ட போனா மிரளும். அது பறந்ததும் நீங்க நாடாவ அவுத்துடுங்க. மறந்துடாதீங்க."

"நானா மறப்பேன்? போ, போ."

அவன் தெருமுனை தாண்டுவதற்குள் குருவி பறந்துவிட்டது. நான் செடிப் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்தேன். அப்போதுதான் எதிர்வீட்டுத் தனம் வாசலிலிருந்து கத்தினாள்.

"லோகாக்கா! விஷயம் தெரியுமா? நம்ம தெரு ஜெயவேலு பொண்ணு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மாலை மாத்திக்கினாளாம்!"

"யாரோட?" என்றேன்.

அந்த ஒரு கேள்விதான். மாப்பிள்ளை யார், எந்த ஊர், எத்தனை நாள் பழக்கம், ஜெயவேலு அழுதாரா அடித்தாரா என்று எல்லாம் விசாரித்து முடித்து நான் வீடு திரும்பியபோது மணி பன்னிரண்டரை.

கொல்லையில் வெயில் வெள்ளையாக நின்றது. கிளை கட்டியபடியே இருந்தது. கூட்டில் இரண்டு குஞ்சுகள் வாயைத் திறந்தபடி கிடந்தன. மூன்றாவதன் இறகு தரையில் இருந்தது, காக்கா வேலை. நாடாவை அவிழ்த்தேன். கிளை தன் இடத்துக்கு வந்து நிழல் போட்டது. இரண்டையும் வாழையடியில் புதைத்தேன்.

சாயங்காலம் ரயிலிலிருந்து நேரே வந்தான். "பறந்துடுச்சுப்பா, மூணும்" என்றேன். தெருவில் யார் வீட்டுப் பொய்யையும் கண்டுபிடிக்கிறவள், என் பொய் எவ்வளவு சுலபமாக விலைபோனது என்று எனக்கே திகைப்பு. "ஒரு நாள் முன்னாடியே! கெட்டிக்காரப் பசங்க!" என்று சிரித்தான்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அந்தத் தாய்க்குருவி வாயில் புழுவோடு வந்தது. கூட்டு விளிம்பில் உட்காரும், உள்ளே பார்க்கும், கொடிக்குப் போகும், கூப்பிடும், மறுபடி வரும். புழுவைத் தானும் தின்னவில்லை. நான் கொல்லைக் கதவைச் சாத்தினேன். சாத்தினால் கேட்காமல் போய்விடுமா?

இதைத் தனத்திடம்கூடச் சொல்லவில்லை. நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரே விஷயம் இதுதான்.

அடுத்த மாதம் கிளப்பில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு. கண்ணில் பொட்டு வெளிச்சம், வாயில் வெட்டுக்கிளி, கீழே மூன்று திறந்த வாய்கள். எப்படி எடுத்தாய் என்று எல்லோரும் கேட்டார்களாம். கிளப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டு வந்து என் கூடத்தில் உட்கார்ந்து படித்தான். 'கிளையை வெட்டாதீர்கள், கட்டுங்கள். படம் எடுத்தபின் அவிழ்ப்பதை வீட்டாரிடமே ஒப்படைக்கலாம். லோகநாயகி அம்மாளின் கவனிப்பால் மூன்று குஞ்சுகளும் நலமாகப் பறந்தன.'

என் பெயர் அச்சில் வரப்போகிறது என்று முதலில் மனசு குளிர்ந்தது. பிறகுதான் உறைத்தது.

"எத்தினி பேரு இதப் படிப்பாங்க?"

"அறுபது பேருக்கா. இப்பவே ரெண்டு பேரு, இதே மாரி கட்டப்போறோம்னு சொல்லிகினு கீறாங்க."

கட்டுரையை உறையில் போட்டு, ஓரத்தில் பசை தடவ ஆரம்பித்தான்.

"தம்பி, ஒட்டாத."

"ஏங்கா?"

"பறக்கல."

அவனுக்குப் புரியவில்லை. முழுக்கச் சொன்னேன்: தனம், ஜெயவேலு பெண், வாழையடி, எல்லாம். தெருக்கதை சொல்லும்போது வரும் வேகம் வரவில்லை.

உறையிலிருந்து தாளை வெளியே உருவினான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"ரயிலுக்கு ஓடினது நான்தானேக்கா" என்றான். பேனாவை எடுத்து எழுதினான். நான் எட்டிப் பார்த்தேன். 'கட்டியவனே அவிழ்க்க வேண்டும். நான் அவிழ்க்காமல் போனேன். மூன்று குஞ்சுகளும் செத்தன. பரிசைத் திருப்பித் தருகிறேன்.'

"மறந்தது நான். என் பேரையும் போடு தம்பி."

"வேணாங்கா" என்று சொல்லி, லோகநாயகி அம்மாள் என்ற இடத்தில் கோடு போட்டான். ஒரு கோடு போதாதென்று, அழுத்தி இன்னொன்றும்.