நேர்முகத் தேர்வும் ஒரு கெராவும்

வைத்தீஸ்வரன் கல்கத்தாவில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு ஒழுக்கவியலும் குடிமைத் தத்துவமும் கற்பிக்கிற விரிவுரையாளர். எது நியாயம் என்று ஊருக்கே வகுப்பு எடுத்த மனிதருக்குப் பேராசிரியர் பதவி மட்டும் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு முறை நேர்முகத் தேர்வுவரை போனார். இரண்டு முறையும் கேள்வி கேட்டவர்களின் தவறை எடுத்துக்காட்டிவிட்டு வீடு திரும்பினார். ஓய்வு பெறும் நாள் நெருங்கிவிட்டதால், எழுபத்து நான்காம் வருஷத் தேர்வுதான் கடைசி வாய்ப்பு.

அன்று காலை லேக் கார்டன்ஸ் வீட்டில் மனைவி சகுந்தலா அவர் கோட்டைத் தட்டிவிட்டாள்.

"இந்தத் தடவையாவது கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. அவா தப்பைத் திருத்த வேற யாராவது வருவா."

"சரி சரி, வாயே திறக்கலை" என்று மனதாரத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

போய்ப் பார்த்தால் தேர்வுக்குழு அறை வாசலில் மாணவர் கூட்டம். கெராவ்! கேட்டது கிடைக்கும்வரை அதிகாரிகளை வெளியே விடாமல் சூழ்ந்துகொண்டு உட்காருவது. அப்போதெல்லாம் கல்கத்தாவில் அது நடக்காத வாரம் கிடையாது. பரீட்சை எழுதி ஒரு வருஷமாகியும் முடிவு வரவில்லை, வெளியிடும் தேதியைச் சொல்லுங்கள் என்பது கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். குழுத் தலைவர் சான்யால்தான் அதற்கும் பொறுப்பு.

வைத்தீஸ்வரனை மட்டும் வாழ்த்துச் சொல்லி உள்ளே விட்டார்கள். சான்யால் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"இவர்கள் உங்கள் மாணவர்கள்தானே? எப்படியாவது கலைந்து போகச் சொல்லுங்கள். உங்கள் விஷயத்தை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் ஆங்கிலத்தில்.

வைத்தீஸ்வரன் வெளியே வந்து தொண்டையைச் செருமினார். மாணவர் தலைவி தபதி எழுந்தாள். அவர் வகுப்பில் முதல் பெஞ்சுக்காரி.

"சார், ஒரு வழக்கில லாபம் இருக்கிறவர் அதுக்கு மத்தியஸ்தம் பண்ணக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?" என்று வங்காள மொழியில் கேட்டாள். "உங்க பதவி உள்ளே இருக்கே!"

வைத்தீஸ்வரன் திகைத்துப்போனார். அப்புறம் அவருக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கத்தியதில் ஒரு வரியாவது ஒரு தலைக்குள் போயிருக்கிறதே! அந்தச் சந்தோஷத்தின் நடுவிலேயே ஒரு கவலையும் வந்தது. சகுந்தலாவிடம் என்ன சொல்வது?

உள்ளே திரும்பிப் போனார். "அந்தப் பெண் சொல்வது சரி. என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இனி எனக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. இப்போது பேசலாம்."

பிறகு இரு தரப்புக்கும் செம டோஸ். ஒரு வருஷம் முடிவை முடக்கியதற்காகச் சான்யாலுக்கு; நியாயமான கோரிக்கைக்குக்கூட மனிதர்களை அடைத்துவைக்கக் கூடாது என்று மாணவர்களுக்கு. முடிவில் சான்யால் தேதி சொன்னார். தாழ்வாரமே அதிர்ந்தது.

குழுவினர் காகிதங்களை அள்ளிக்கொண்டு கிளம்பியபோது, தபதி வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அடுத்த கெராவ்! சாரோட இன்டர்வியூ முடியாம யாரும் போக முடியாது!"

கூட்டம் ஆரவாரித்தது. வைத்தீஸ்வரனுக்கு வந்ததே கோபம்!

"எழுந்திரு! இப்ப என்ன சொன்னேன் உங்களுக்கு? ஆளை அடைச்சுவெச்சு வாங்கின பதவியில உட்கார்ந்துண்டு நான் எந்த முகத்தோட வகுப்பு எடுப்பேன்? வழியை விடு!"

தபதி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்தாள். கூட்டம் ஒதுங்கி, வாசல் காலியானது. போச்சு, இந்த ஜன்மத்தில் பேராசிரியர் இல்லை என்று வைத்தீஸ்வரன் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

சான்யால் வாசல்வரை போனார். தாழ்வாரத்தை ஒரு முறை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்கள் போகலாம், ஐயா. வழி இருக்கிறது" என்றார் வைத்தீஸ்வரன்.

"தெரிகிறது. இருப்பதால்தான் உட்கார்ந்தேன். நீங்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக எழுத்தில் எதுவும் இல்லை. எழுத்தில் இல்லாத எதுவும் இந்த அலுவலகத்தில் நடந்ததே கிடையாது. கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆரம்பிக்கலாம்."