ஒளி தராத குழாய்

ஆராய்ச்சி மாணவி ஷிராஸ் மூன்றாவது ஃபிலிமையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை. வியாழக்கிழமைக்குள் அவளுடைய புரதத்தைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றிவிட வேண்டும் என்று பேராசிரியர் ஸாதொக் சொல்லியிருந்தார். அன்று புதன். தலைப்பு போனால் மூன்று வருட உழைப்பும் போகும்.

மொனஸ்தீர் நகரத்தின் இந்த ஆய்வுக்கூடத்தில் நான் இருபது வருடமாகக் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். எழுத்துக் கூட்டப் பழகிய பிறகு குழாய்களை எடுத்து வைக்கும் வேலையும் தந்தார்கள். பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. தான் தேடும் புரதத்தின் நுனியில் அவள் ஒரு சின்ன வாலை ஒட்டிவிடுவாள். ஆயிரம் புரதங்கள் கலந்து கிடக்கும் சாற்றில் அந்த வாலை மட்டும் ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் புரதம் ஒன்று போய்ப் பிடித்துக்கொள்ளும். அதை இரண்டாவது ஆன்டிபாடி பிடிக்கும். ஒளி தருவது இந்த இரண்டாவதுதான். அந்த ஒளிதான் ஃபிலிமில் கோடாக விழும். சந்தை நெரிசலில் ஒரே ஒரு ஆளின் தோளைத் தொட்டு நிறுத்துகிற மாதிரி வேலை. எத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

ஸாதொக் எட்டிப் பார்த்தார். அவள் புரதம் செல்லுக்குள் உருவாகவே இல்லை, விட்டுவிடு என்றார். அதே வால் ஒட்டிய, எப்போதும் தெரிகிற இன்னொரு புரதத்தையும் இந்த முறை அவள் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதுவும் தெரியவில்லை.

"போன மாசம் இது கரிக்கோடு மாதிரி தெரிஞ்சுது சார். ரெண்டும் சேர்ந்து லீவு போட்டுச்சா?" என்றாள்.

அவர் தன் அறைக்குப் போய்விட்டார். கோளாறு ஒளி தருவதில்தான் என்று அவள் இரண்டாவது ஆன்டிபாடிக் குழாயை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். அது பட்டால் ஒளிரும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டாள். ஒன்றுமில்லை. பெட்டியிலிருந்த, இன்னும் கலக்காத மூலப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டதும் நீலமாக ஒளிர்ந்தது.

"அக்கா, இந்தக் குழாய்ல ஏதாச்சும் விட்டீங்களா?"

இங்கே ஆன்டிபாடி சுங்கத்தில் மாதக்கணக்கில் கிடந்துதான் கைக்கு வரும். அதனால் ஒருமுறை ஊற்றியதைக் கொட்டமாட்டோம். திரும்ப எடுத்து வைப்போம். முதலாவதில் மட்டும் கெடாமலிருக்க மருந்து விடச் சொல்லியிருந்தார்கள். வீணாகிறதே என்று மூன்று வாரமாக இரண்டாவதிலும் நான் விட்டேன். நான் விட்டதை யாரும் பார்க்கவில்லை. தெரியாது என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது.

"ரெண்டு சொட்டு விட்டேம்மா. கெட்டுப்போயிடுமேன்னு."

அவள் என்னையே பார்த்தாள். அந்த மருந்து ஒளியைக் கொன்றுவிடும் என்று மெல்லச் சொன்னாள். பிறகு சிரித்துவிட்டாள். "கெடாம நல்லாத்தான் வெச்சிருக்கீங்கக்கா, பொணத்த."

புரதங்கள் ஒட்டியிருந்த பழைய படலத்தையே நன்றாக அலசி, புதிதாகக் கலந்த இரண்டாவதை ஊற்றினாள். நான் வாங்கி வைத்த ஹரிசா மிளகாய் விழுது தடவிய ரொட்டியைத் தொடவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஃபிலிமில் முதலில், எப்போதும் தெரிகிற அந்தப் புரதத்தின் கோடு எழும்பியது. பக்கத்தில், சற்றுக் கீழே, மெலிதாக இன்னொன்று. அவள் கணக்குப் போட்டுச் சொன்ன அதே இடம். அளவுகோல் வைத்து இரண்டு முறை பார்த்தாள். ஃபிலிம் காயுமுன்பே ஸாதொக்கின் அறைக்கு ஓடினாள்.

கதவு திறந்தே இருந்தது. அவர் ஃபிலிமை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவளுக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.