காலியாகக் கிடந்த ஸ்லாட்

கணினியின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு அவள் கணவனும் அவன் தம்பியும் குனிந்திருந்த தோரணையைப் பார்த்தால், ஏதோ மூளை அறுவை சிகிச்சை என்றுதான் யாரும் நினைப்பார்கள். உள்ளே காலியாக இருந்த ஸ்லாட்டில் மாட்டியது ஒரு சின்ன கார்டு. அண்ணன் விளையாடும் கார் பந்தயத்தைப் பதிவு செய்து உலகத்துக்கு ஒளிபரப்புமாம். உலகம் என்பது இதுவரை பதினொரு பேர்; அதில் ஒருவன் தம்பி.

"ஸ்லாட் சும்மா காலியாத்தானே கிடக்கு?" என்று கணவன் காலையில் கேட்டபோது அவளும் தலையாட்டியிருந்தாள். அந்தப் பெட்டியில் அவளுக்கு வேண்டியது தன் டிஸ்க் மட்டும்தான். ஒரு செருப்புக் கம்பெனிக்காக அவள் தொகுத்த முதல் விளம்பரப் படம் அதில் இருந்தது. இன்று மாலைக்குள் அனுப்பினால் அடுத்த படங்களும் அவளுக்கே. இல்லாவிட்டால் வேறு ஆள்.

கணினி உயிர் பெற்றது. கார்டு தெரிந்தது. டிஸ்க்கைக் காணோம்.

"செத்துப்போச்சு," என்றான் கணவன், நாடி பிடித்துப் பார்த்தவன் போல. "பொழுதன்னைக்கும் ஓட விட்டா? அதுக்கும் ஆயுசுன்னு ஒண்ணு இருக்குல்ல."

நேற்று சரியாக நிறுத்தினேனா, கேபிளில் கால் பட்டதா என்று அவள் மனம் அவளுக்கு எதிராகவே சாட்சி தேடி ஓடியது. குழாய் ஒழுகினாலும் பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் இப்படித்தான் ஓடும், சம்பளம் கேட்காத போலீஸ். இன்று அது ஓடுவதை அவளே நின்று பார்த்தாள்.

"கார்டு மாட்டுறவரைக்கும் டிஸ்க் இருந்துச்சு," என்றாள்.

"அது வேற, இது வேற. உனக்குச் சொன்னா புரியாது."

தம்பி அதற்குள் செல்போனில் அந்த மதர்போர்டைப் பற்றித் தேடிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். "அண்ணே, இந்த ஸ்லாட்டுக்கும் அண்ணியோட டிஸ்க் போர்ட்டுக்கும் ஒரே பாதைதானாம். ஸ்லாட்ல எதையாவது மாட்டினா, போர்டே அந்தப் போர்ட்டை ஆஃப் பண்ணிடுமாம்."

"அதத்தானே நானும் சொன்னேன்," என்றான் அண்ணன்.

எப்போது சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை.

"அப்ப கார்டைக் கழட்டுங்க," என்றாள் அவள்.

"இப்பவா? நாலு மணிக்கு லைவ்னு சொல்லிட்டேன். பதினொரு பேர் காத்துக்கிட்டிருப்பாங்க."

"பத்து. ஒருத்தர் இங்கேயே இருக்காரு."

தம்பி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"நீ டிஸ்க்கை வெளிய, யூஎஸ்பில மாட்டிக்கயேன். கொஞ்சம் மெதுவா இருக்கும், அவ்வளவுதான். அட்ஜஸ்ட் பண்ணிக்க."

அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு விலாசம்தான்: அவள். வழக்கமாக வந்து சேரும். இன்று அவள் கதவைத் திறக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தினாள், திருகாணியைக் கழற்றினாள், கார்டை உருவி அவன் உள்ளங்கையில் வைத்தாள். கணினி மறுபடி எழுந்தபோது டிஸ்க் ஒன்றும் நடக்காதது போல வந்து நின்றது.

"பாத்தியா, லூஸ் கனெக்‌ஷன்," என்றான் அவன். பிறகு குரலைத் தணித்து, "சாயந்தரம் படத்தை அனுப்பிட்டா இதை மாட்டிக்கலாம்ல?"

"நாளைக்கு அடுத்த படம் ஆரம்பிக்கணும்," என்றாள் அவள், இன்னும் கையில் வராத வேலையைப் பற்றி. இத்தனை உறுதி தன் குரலுக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. அதைத் திருப்பி அனுப்பவும் அவளுக்கு மனமில்லை.